பர்மாவின் தீர்ப்பும் அண்டை நாடுகளின் தயக்கமும்

மியான்மர் இராணுவம் 2025 டிசம்பர் 28 அன்று தொடங்கி, 2026 ஜனவரி 11, 25 ஆகிய நாள்களில் மேலும் இரு கட்டங்களாக வாக்குப்பதிவு நடத்தி முடித்திருக்கிறது. இராணுவத்தின் நிழலில் வளர்ந்த ஒன்றிய ஒருமைப்பாடு மற்றும் வளர்ச்சிக் கட்சி பெரும்பான்மை பெற்றதாக அறிவிப்பும் வந்துவிட்டது. இதை ஏற்பதா, மறுப்பதா என்று துணிந்து சொல்ல இயலாமல் அண்டை நாடுகள் தடுமாறுகின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான், தன் பெயரில் பார்வையாளர் எவரையும் அனுப்பவில்லை. தேர்தலை ஒதுக்கித் தள்ளவும் அதற்குத் துணிவு வரவில்லை. நேர்மையாக, எல்லாத் தரப்பையும் உள்ளடக்கித் தேர்தல் நடக்கும் என நம்புவதாகச் சொன்ன புது தில்லி அத்தோடு அமைந்துவிட்டது. இந்தத் தடுமாற்றத்தின் வேர் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் ஊன்றப்பட்டது.

2020 நவம்பர் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில் நாடாளுமன்றத்தின் ஈரவைகளிலும் போட்டி நடந்த 476 இடங்களில் 396 இடங்களை ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் வென்றது. இராணுவச் சார்புக் கட்சிக்குக் கிட்டியவை 33. அந்தத் தேர்தல் மாசற்றது என்று நாம் கூறமாட்டோம். ரோஹிங்யா மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. அரக்கான் பகுதியின் பல ஊர்களில் பாதுகாப்பைக் காரணங்காட்டி வாக்குப்பதிவே கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, தி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்தில் சூகி அம்மக்கள்மீது தம் நாட்டு இராணுவம் நடத்திய செயலுக்கு வக்காலத்து வாங்கியதை மனச்சான்றுள்ள எவரும் எளிதில் மறந்துவிடமாட்டார். ஆயினும் வாக்களிக்க முடிந்த மக்கள் என்ன சொன்னார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கும் மேலான பிழைகள் இருப்பதாக இராணுவம் முறையிட்டது. தேர்தல் ஆணையம் அதை ஏற்க மறுத்தது. புதிய நாடாளுமன்றம் கூடவேண்டிய 2021 பிப்ரவரி 1 அன்று, விடியும் முன்னரே சூகியும் குடியரசுத் தலைவர் வின் மியின்ட்டும் கைது செய்யப்பட்டனர். படைத்தலைவர் மின் ஆங் லைங் ஆட்சியைக் கைப்பற்றினார். வேலியே பயிரை மேய்ந்தது.

அந்நாட்டு மக்களுக்கு இது புதிதும் அன்று. 1990 மே 27 தேர்தலிலும் அதே கட்சி 392 இடங்களை வென்றது. அப்போதும் இராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் இருமுறை ஒரு மக்களின் தீர்ப்பு பறிக்கப்பட்டது.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூரில் இருந்து இதை எழுதும் நமக்குப் பர்மா எட்டாத் தொலைவு நாடன்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்வயல்களாக மாறியபோது, அங்கே வட்டிக்கடை வைத்துப் பணம் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். வயலிலும் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களில் பெருந்தொகையினர் தமிழகத்துக் கூலிகள். 1930-களின் பெருமந்தத்தில் கடன் மூழ்கி, கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்நாட்டு உழவரின் மனக்கசப்பு அங்கேதான் முளைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1942-இல் சப்பானியக் குண்டுகளுக்கு அஞ்சி இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். எஞ்சி வேரூன்றியவர்களின் கடைகளை 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவை என்று ஒரே அறிவிப்பில் சொல்லப்பட்டபோது, வாழ்நாள் சேமிப்பு ஒரு பகலில் வெறுங்காகிதமாயிற்று. கப்பலேறி வந்தவர்களுக்குச் சென்னையில் பர்மா பஜார் அமைந்தது. தமிழகத்தில் இருக்க மனமின்றித் தரைவழியே மீண்டும் பர்மாவுக்குப் புறப்பட்ட சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் சிற்றூரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அவ்வூரில் தமிழ்ச்சங்கம் உண்டு. அங்காளபரமேசுவரி கோயில் உண்டு.

உறவு அதனினும் பழையது. பாகான் நகரில் நானாதேசி விண்ணகர் என்னும் பெருமாள் கோயிலுக்குச் சேர நாட்டு வணிகர் ஒருவர் மண்டபமும் விளக்கும் அளித்ததைச் சொல்லும் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. நம் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்து ஆண்ட இராசேந்திரனின் கப்பற்படை வென்றதாக மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களுள் மாப்பப்பாளம் பர்மாக் கரையில் இருந்தது என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. அந்தக் கடற்செலவின் ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டு, 2025 ஜூலை 27 அன்று பிரதமர் அங்கு வந்து ஆடித் திருவாதிரை விழாவில் பங்கேற்று, இராசேந்திரன் நினைவாக நாணயமும் வெளியிட்டார். மகிழ்ந்தோம். அதே கிழக்குக் கரையில் இன்று வாழும் மக்களிடம் இந்தியா எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கும் உரிமையும் கடமையும் அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்தே நமக்கு வந்து சேர்கின்றன.

வட்டார அரசுகள் என்ன செய்தன? 2021 ஏப்ரல் 24 அன்று ஜகார்த்தாவில் கூடிய ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச இசைவு ஒன்றை அறிவித்தனர்: வன்முறையை உடனே நிறுத்துவது, எல்லாத் தரப்பும் பேசுவது, சிறப்புத் தூதரை அமர்த்துவது, மனிதநேய உதவி வழங்குவது, தூதர் நேரில் சென்று அனைவரையும் காண்பது. சொற்களில் குறையில்லை. ஆனால் அந்த அறையில் மின் ஆங் லைங் வீற்றிருந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவரும் இல்லை. எட்டு நாள் முன்னதாக அவர்கள் அமைத்திருந்த தேசிய ஒற்றுமை அரசுக்கு அழைப்பே போகவில்லை. பறித்தவரையும் பறிகொடுத்தவரையும் ஒருங்கே அழைத்திருந்தால், கலவரத்தை அடக்குவதைப் பற்றி மட்டும் பேசி எழுந்திருக்க முடியாது. தேர்தல் முடிவு என்ன ஆயிற்று என்ற வினா மேசைமீது வந்திருக்கும். வராமல் பார்த்துக்கொண்டார்கள். இசைவில் 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. இராணுவமோ மூன்று நாளைக்குள், நாட்டில் அமைதி திரும்பிய பின்னர் அந்த யோசனைகளைப் பரிசீலிப்போம் என்று அறிவித்து, வாக்குறுதியை வெறும் யோசனையாகச் சுருக்கிவிட்டது.

ஆசியானின் சாசனத்திலேயே இந்த முடக்கம் பொதிந்திருக்கிறது. 2007-இல் கையெழுத்தாகி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அச்சாசனம் சட்டத்தின் ஆட்சியையும் மக்களாட்சியையும் அரசியலமைப்பு வழிப்பட்ட அரசையும் உறுப்பு நாடுகளின் கடமையாக விதிக்கிறது. அடுத்த மூச்சிலேயே, உள்நாட்டு விவகாரத்தில் தலையிடலாகாது என்கிறது. சாசனத்தைக் கடுமையாக மீறும் நாட்டின்மீது நடவடிக்கை எடுக்க உச்சிமாநாடு ஒருமித்து முடிவு செய்யவேண்டும். நீக்குவதற்கோ இடைநிறுத்துவதற்கோ தெளிவான விதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் இசைவும் வேண்டும் என்றால் தீர்ப்பு எங்கிருந்து வரும்?

ஆண்டுதோறும் தலைமை மாறியது; ஒவ்வொரு தலைமையும் புதிதாகத் தொடங்கியது. புருணையின் தூதர் சூகியைச் சந்திக்க அனுமதி கிடைக்காமல் பயணத்தைக் கைவிட்டார். அதன்பின் 2021 அக்டோபரில் படைத்தலைவரை உச்சிமாநாட்டுக்கு அழைப்பதில்லை என ஆசியான் முடிவு செய்தது. அக்கூட்டமைப்பின் வரலாற்றில் அதுவே துணிவான செயல். அதை நாம் மதிக்கிறோம். மூன்று மாதம் கழியுமுன், அடுத்த தலைவரான கம்போடியாவின் ஹுன் சென் தாமே மியான்மர் தலைநகர் நேப்பிடோவுக்குப் போய்ப் படைத்தலைவரின் கையைக் குலுக்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அரசியல் கைதிகளைத் தூக்கிலிட வேண்டாம் என்று அதே ஹுன் சென் 2022 ஜூனில் மடல் எழுதி வேண்டினார். அடுத்த மாதமே நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சூகியின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பியோ சேயா தோ. 2023-இல் இந்தோனேசியா ஆரவாரமின்றி எல்லாத் தரப்போடும் பேசிக்கொண்டிருந்தபோது, தாய்லாந்து தனிவழியே படையாட்சியாளரை விருந்துக்கு அழைத்தது.

ஆசியான் மூடிய கதவை இந்தியாவும் உறுப்பினராக உள்ள மற்றொரு கூட்டமைப்பு திறந்துவிட்டது. வங்கக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் அமைப்பான பிம்ஸ்டெக், 2025 ஏப்ரல் 4 அன்று பாங்காக்கில் நடத்திய உச்சிமாநாட்டில் மின் ஆங் லைங் தலைவர்களோடு தலைவராக அமர்ந்தார். அதற்கு ஒரு வாரம் முன்னர்தான், மார்ச் 28 அன்று, மண்டலே நகரையும் சகாயிங் பகுதியையும் 7.7 அளவுள்ள நிலநடுக்கம் குலைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. இந்தியா 'ஆபரேஷன் பிரம்மா' என்ற பெயரில் மருத்துவமனையும் மீட்புப் படையும் அனுப்பியது சாலச் சிறந்த செயல். இடிபாட்டில் கிடப்பவனுக்குக் கைகொடுக்க அவன் அரசின் தகுதியை ஆராய வேண்டியதில்லை. ஆனால் துயர்துடைக்கும் கடமை வேறு. ஆசியான் மறுத்த இருக்கையை வேறொரு மண்டபத்தில் போட்டுக் கொடுப்பது வேறு. அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் சீனாவின் தியென்ஜின் நகரில் பிரதமர் மீண்டும் மின் ஆங் லைங்கைச் சந்தித்தார்.

இந்தியாவின் பக்கம் உள்ள நியாயத்தை எள்ளி ஒதுக்க நாம் முனையவில்லை. 1,643 கிலோமீட்டர் எல்லை. அதன் அப்பாலுள்ள காட்டில் வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் பாசறை அமைத்த வரலாறு. 2015 ஜூன் 4 அன்று மணிப்பூரின் சந்தேல் மாவட்டத்தில் 18 படைவீரர் பலியான நினைவு. கியாவ்க்பியூ துறைமுகத்தில் இருந்து யுன்னான் வரை சீனா போட்டிருக்கும் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள். இவற்றோடு ஒரு பழைய படிப்பினையையும் வெளியுறவுத் துறையினர் எடுத்துக்காட்டுவர். 1988-ஆம் ஆண்டு மக்கள் எழுச்சிக்குப் பின் இந்தியா மக்களாட்சிப் போராளிகளுக்கு வெளிப்படையாக ஆதரவளித்தது. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு இராணுவத்தின் கண்ணில் முள்ளாய் உறுத்தியது. தில்லியில் கல்லூரிப் படிப்பை முடித்தவரான சூகிக்கு நேரு விருதும் வழங்கப்பட்டது. அந்த இடைவெளியில் சீனா உள்ளே புகுந்தது என்பர். 1990-களின் நடுவில் இருந்து தில்லி வழியை மாற்றியது. 2021 மார்ச் 27 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட குடிமக்கள் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்ட நாளில், நேப்பிடோவின் இராணுவ அணிவகுப்பில் கலந்துகொண்ட எட்டு நாடுகளுள் இந்தியாவும் இருந்தது. அவ்வாண்டு ஜூனில் ஐ.நா. பொதுச்சபை 119 நாடுகளின் ஆதரவோடு தீர்மானம் நிறைவேற்றியபோது வாக்களிக்காமல் ஒதுங்கிய 36 நாடுகளுள் ஒன்று இந்தியா. 2022 டிசம்பரில் பாதுகாப்பு அவையிலும் சீனாவோடும் உருசியாவோடும் சேர்ந்து ஒதுங்கிற்று.

எல்லைப் பாதுகாப்பு என்ற கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்த்தாலும் இந்தக் கொள்கை இன்று பலனளிக்கவில்லை. மின் ஆங் லைங்கின் படை இன்று அந்த எல்லையில் பெரும்பகுதியை ஆளவில்லை. சின் மாநிலத்தின் மலைகளிலும் சகாயிங்கின் பல ஊர்களிலும் எதிர்ப்புப் படைகள் நிலைகொண்டிருக்கின்றன. இந்தியா பல்லாண்டாகப் பணம் கொட்டிவரும் கலாதான் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் இருந்து கடல்வழியாகச் சிட்வே துறைமுகம், அங்கிருந்து ஆற்றுவழியாகப் பலேட்வா, பின்னர் சாலைவழியாக மிசோரம் என்பது அதன் வழித்தடம். சிட்வே துறைமுகம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. எட்டு மாதத்தில், 2024 ஜனவரியில், பலேட்வா, படையாட்சியை எதிர்த்துப் போரிடும் அரக்கான் இராணுவம் என்னும் ஆயுத அமைப்பின் வசமாயிற்று. அரக்கான் மாநிலத்தின் 17 நகரியங்களில் 14 அதன் பிடியில் உள்ளன. மிசோரத்தைச் சேர்ந்த மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் எல்லை தாண்டிச் சென்று அவ்வமைப்பினரோடு பேசித் திரும்பும் நிலை வந்தது. தலைநகரில் கைகுலுக்கிக் கொண்டிருப்பவரால் தன் சாலையில் ஒரு லாரியைக்கூட ஓட்டித்தர முடியாது என்னும்போது, அவரோடு மட்டும் உறவு வைத்திருப்பதை நடைமுறை அறிவு என்று எப்படிப் போற்றுவது?

இந்தத் தயக்கத்தின் சுமை எல்லை மாநிலங்களின் தலையில் இறங்கியிருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், மியான்மரில் இருந்து வருவோரைத் தடுக்குமாறும், ஏதிலி என்று அறிவிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்றும் நான்கு வடகிழக்கு மாநிலங்களுக்கு எழுதியது. மிசோரம் முதலமைச்சர் சோரம்தாங்கா எட்டு நாளில் பிரதமருக்குப் பதில் மடல் எழுதினார்: வருவோர் எம் உறவினர், அவர்தம் துன்பத்தைக் கண்டும் காணாதிருக்க இயலாது என்பது அதன் சாரம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின் மக்களுக்கு அச்சிறு மாநிலம் இடமளித்தது. தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் அரிசி திரட்டின. எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை தடையின்றி வந்துபோகும் ஏற்பாட்டை நீக்குவதாகவும் வேலி எழுப்புவதாகவும் 2024-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. ஈழத் தமிழரை முகாம்களில் நாற்பதாண்டுக்கும் மேலாக வைத்திருக்கும் தமிழகத்துக்கு, ஏதிலிகளுக்கெனச் சட்டமே இல்லாத நாட்டில் அடைக்கலம் என்பது எவ்வளவு நிலையற்றது என்று விளக்க வேண்டியதில்லை.

நம்மவர் உயிரும் இதில் போயிருக்கிறது. 2022 ஜூலை 5 அன்று மோரேயில் இருந்து எல்லைக்கு அப்பாலுள்ள தமு நகருக்குச் சென்ற தமிழ் இளைஞர் இருவர் நடுத்தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டனர். படையாட்சியின் ஆதரவுக் கும்பல் மீது ஐயம் எழுந்தது. காலையில் தமுவுக்குப் போய் மாலையில் வீடு திரும்புவது மோரே மக்களுக்குப் பல்லாண்டு வழக்கம். அங்கே உறவும் உண்டு, கொடுக்கல் வாங்கலும் உண்டு. அன்றாடம் நடந்து பழகிய அந்தத் தெருவில் அவர்கள் உடல் கிடந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போய், மியான்மரின் மியாவடி பகுதியில் உள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ் இளைஞர்களையும் மறக்கலாகாது. 2025 மார்ச்சில் மட்டும் இந்திய விமானப்படை அத்தகைய கூடங்களில் இருந்து 549 இந்தியரை மீட்டு வந்தது. சட்டத்துக்கு உட்பட்ட அரசு இல்லாத நிலத்தில்தான் அத்தகைய கூடங்கள் வேர்விட்டன.

இந்நிலையில்தான் படையாட்சி தன் தேர்தலை அண்டை நாடுகளின் முன் நீட்டுகிறது. மக்கள் பெருவாரியாக ஆதரித்த கட்சி, புதிய விதிப்படி பதிவு செய்யவில்லை என்று 2023 மார்ச்சில் கலைக்கப்பட்டது. சூகிக்கு விதித்த 33 ஆண்டுச் சிறை 27 ஆகக் குறைக்கப்பட்டதை மன்னிப்பு என்றார்கள். தேர்தலுக்கு இடையூறு செய்தால் மரண தண்டனை வரை விதிக்கும் சட்டம் 2025 ஜூலையில் வந்தது. 330 நகரியங்களில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு, 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, தேர்தலே இல்லாமல் இராணுவத்துக்கு உரியது. வாக்குச்சாவடியில் வைத்த மின்னணுப் பொறியில் ஏதேனும் ஒரு வேட்பாளரைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். முந்தைய நாளில் ஆட்சியை வெறுத்தவன் சீட்டை வெறுமையாகவோ கிழித்தோ போட்டுவிட்டு வரலாம், இப்போது அதற்கும் வழியில்லை. 2013 முதல் 'எவருக்கும் வாக்கில்லை' என்ற பொத்தானைக் கண்டுவரும் நம் வாக்காளருக்கு அந்தச் சாவடியில் நின்றவனின் மனநிலை புரியும்.

நம் ஊரக உள்ளாட்சியின் நிலையையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2019 டிசம்பரில் அரியலூர், பெரம்பலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது, அவர்கள் இடத்தில் புதியவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தனி அலுவலர்கள் அமர்ந்தனர். துப்பாக்கி முனையில் நடந்த கொடுமைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எனினும் உரிய காலத்தில் தேர்தல் நடத்தத் தவறும் எந்த அரசும் அண்டை வீட்டாரிடம் அழுத்தந்திருத்தமாகப் பேசும் தகுதியைச் சிறிது சிறிதாக இழக்கிறது.

வட்டார அமைப்பால் ஒன்றுமே முடியாது என்று கைவிரிப்போருக்கு மேற்கு ஆப்பிரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற பின்னும் பதவி விலக மறுத்தார் காம்பியாவின் யாகியா ஜாமே. அண்டை நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ், வென்ற அடாமா பாரோவையே தலைவராக ஏற்றது. தலைவர்களைத் தூது அனுப்பியது. எல்லையில் படையையும் நிறுத்தியது. 2017 ஜனவரி 21 அன்று ஜாமே நாட்டைவிட்டு வெளியேறினார். அதே எக்கோவாஸ் 2023-இல் நைஜர் நாட்டு இராணுவப் புரட்சியின் முன் செயலற்று நின்றதும் உண்மை. காம்பியா சிறிய நாடு. மியான்மரின் எல்லையில் படை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. வென்றவர் யார் என்பதில் முதல் நாளே ஐயமின்றிப் பேசியதுதான் அங்கே தூதரின் சொல்லுக்கு வலுச்சேர்த்தது. அத்தெளிவு ஜகார்த்தாவிலும் இல்லை, தில்லியிலும் இல்லை.

இப்போதேனும் இந்தியா செய்யக்கூடியவை பல. இந்த மூன்று கட்ட வாக்குப்பதிவு 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அழித்துவிடவில்லை என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். ஐ.நா.வில் மியான்மரின் இருக்கையில், படையாட்சியை எதிர்த்து 2021 பிப்ரவரியில் மூன்று விரல் உயர்த்திய தூதர் கியாவ் மோ துன் தொடர்ந்து அமர்ந்து வந்தார். அவரைப் போன்றோரோடும் தேசிய ஒற்றுமை அரசோடும் அரக்கான், சின் அமைப்புகளோடும் ஒளிவுமறைவின்றிப் பேசலாம். நேப்பிடோவில் உள்ள தூதரகத்தை மூடவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிம்ஸ்டெக் மேடையில் படையாட்சியாளருக்கு இடமளிப்பது பற்றி, 2026-இல் ஆசியானுக்குத் தலைமை ஏற்றுள்ள பிலிப்பைன்சோடு கலந்து ஒரே நிலைப்பாடு எடுக்கலாம். மிசோரத்துக்கு ஏதிலிகளின் உணவுக்கும் பள்ளிக்கும் நிதி ஒதுக்கலாம்.

தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. ஈழத்துக்காக அவையில் எழும் குரல் மோரேக்காகவும் எழவேண்டும். தமுவில் கொல்லப்பட்ட இருவர் குறித்து மியான்மரிடம் இந்தியா என்ன கேட்டது, என்ன விடை வந்தது, பாங்காக்கிலும் தியென்ஜினிலும் நடந்த சந்திப்புகளில் சிறையில் உள்ளோரின் விடுதலை பேசப்பட்டதா என்று வெளியுறவு அமைச்சரிடம் எழுத்துவழி வினாவாகக் கேட்கட்டும். விடை அவைக்குறிப்பில் ஏறட்டும்.